இதை எடுத்தவர் எங்கே நின்றார்?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘திரைப்படத்தின் பின்னால் உள்ள அறிவியலும் தொழில்நுட்பமும்’. தலைப்பைப் பார்த்துவிட்டு, நான் சினிமாக்காரர்கள் யாரையாவது அழைத்து வருவேன் என்று சிலர் எதிர்பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். மன்னிக்கவும். நான் தேவனாம்பட்டினத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிற ஆசிரியை. ஒரு கைப்பேசி, ஒரு ஸ்மார்ட் போர்டு, பள்ளிக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு கடல். இவ்வளவுதான் என்னிடம் இருப்பது.

சினிமாவின் அறிவியலில் எனக்கு ஆசை வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் வளர்ந்தது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டூரிங் டாக்கீஸ் இருந்த காலத்தின் கடைசிப் பகுதி. மணலில் உட்கார்ந்து பார்ப்போம். படம் அறுந்தால் ஆபரேட்டர் ஒட்டும்போது நாலைந்து துண்டு பிலிம் வெட்டிப் போடுவார். என் அண்ணன் மறுநாள் காலையில் போய் அதைப் பொறுக்கி வருவான். பியூஸ் போன குண்டு பல்பின் வாயை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். வெளியே வெயிலில் கண்ணாடியைப் பிடித்து ஒளியை ஜன்னல் வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். கண்ணாடி பிடிக்கிற வேலை எனக்கு. உள்ளே இருட்டில் சுவரில் எம்.ஜி.ஆர். தெரிகிறாரா என்று பார்க்கிற வேலை அண்ணனுக்கு. பிலிமைத் தலைகீழாகச் செருகினால்தான் ஆள் நேராக நிற்பார் என்று ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். ஏன் என்பது பத்தாம் வகுப்பில் குவிலென்ஸ் நடத்தியபோதுதான் தெரிந்தது. இங்கே இருக்கிற நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருப்பீர்கள். சிரிக்கிறீர்கள், செய்திருக்கிறீர்கள்.

ஆனால் அண்ணனின் சுவரில் எம்.ஜி.ஆர். அசையவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். பிலிமைக் கையால் இழுத்தால் எல்லாம் கோடு கோடாகக் கலங்கிப்போகும். கொட்டகையில் அசைகிறவர் வீட்டில் ஏன் அசைய மாட்டேன் என்கிறார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் சினிமா இயந்திரத்தில் பாதி தெரிந்த மாதிரி. பிலிம் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. நின்று நின்று போகிறது. ஒரு பிரேம் விளக்குக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்கும். ஒளி போகும். பிறகு ஷட்டர் ஒளியை மறைத்துக்கொள்ளும். அந்த இருட்டில்தான் அடுத்த பிரேம் கீழே இறங்கி வந்து நிற்கும். நகர்வதை நமக்குக் காட்டுவதே இல்லை. நொடிக்கு 24 முறை இப்படி நடக்கிறது. நொடிக்கு 24 முறை மட்டும் ஒளி அணைந்து எரிந்தால் படம் மினுக்கும் என்பதால், நிற்கிற ஒவ்வொரு பிரேமையும் ஷட்டர் இரண்டு தடவை காட்டும். மொத்தக் கணக்குப் பார்த்தால், பிலிம் புரொஜெக்டர் ஓடிய கொட்டகையில் திரை ஏறக்குறைய பாதி நேரம் இருட்டாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரப் படத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் இருட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், பின் பெஞ்சும் எழுந்து உட்காரும்.

அசையாத படங்கள் அசைவதாகத் தெரிவதற்கு ‘பார்வை நீட்டிப்பு’ என்று ஒரு வரியில் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான். கண்ணில் முந்தைய படம் சிறிது நேரம் தங்குகிறது, உண்மை. தங்குவது மட்டும்தான் என்றால் இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று குழம்பித் தெரிய வேண்டும். இங்கே ஒரு புள்ளி, அடுத்த கணம் சற்றுத் தள்ளி ஒரு புள்ளி என்று காட்டினால், ‘புள்ளி இங்கிருந்து அங்கே போனது’ என்று மூளையே முடிவு கட்டிக்கொள்கிறது. மாக்ஸ் வெர்த்தைமர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1912இல் இதை ஆராய்ந்து எழுதினார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட எளிய வழி உண்டு. ஓர் அட்டையின் ஒரு பக்கம் மீன், மறுபக்கம் வலை. இரண்டு ஓரத்திலும் நூல் கட்டி முறுக்கிச் சுழற்றினால் மீன் வலைக்குள் இருக்கும். இது பார்வை நீட்டிப்பு. பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மீனை வரைந்து, கட்டைவிரலால் விசிறினால் மீன் நீந்தும். இது மூளையின் வேலை. செலவு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரைகிற மீனுக்குச் செதில் எண்ணிக்கை முதற்கொண்டு சரியாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஏன் 24? பேசாத படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும், யாரும் கவலைப்படவில்லை. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினாரே, அந்தப் படங்களெல்லாம் அப்படித்தான். பேச்சு வந்த பிறகு அந்தச் சுதந்திரம் போயிற்று. குரல் பிலிமின் ஓரத்தில் ஒரு கோடாகப் பதிந்திருக்கிறது. ஒளி அதை ஊடுருவிப் போகும் அளவு கூடிக் குறைவதை ஒளிமின்கலம் மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. வேகம் மாறினால் கதாநாயகி ஆண் குரலில் பேசுவார். ஆகவே நிலையான வேகம் வேண்டும். பிலிம் விலை அதிகம், ஆகவே மிகக் கூடுதலான வேகமும் கூடாது. 24 அப்படி வந்தது. 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியாகி நம் திரை பேசத் தொடங்கியபோது இந்த இயந்திரம்தான் பேசியது. படம் நின்று நின்று போக வேண்டும், ஒலியோ வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரே பிலிமில் இரண்டையும் எப்படிச் செய்வது? ஒலியைப் படத்துக்குப் பக்கத்திலேயே பதிக்காமல் ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் தள்ளிப் பதித்தார்கள். எனக்குச் சினிமாவிலேயே மிகப் பிடித்த பொறியியல் தீர்வு இதுதான்.

நொடிக்கு 24 பிரேம் என்பது நிமிடத்துக்கு 90 அடி பிலிம். 1,000 அடி ரீல் 11 நிமிடம். ‘15 ரீல் படம்’ என்று நம் அப்பாக்கள் சொன்னார்களே, அது எத்தனை மணி நேரம் என்று ஏழாம் வகுப்பு நேர்விகிதக் கணக்காகக் கொடுங்கள்.

இதுவரை சொன்னதை நான் பல ஆண்டுகள் உற்சாகமாக நடத்திக்கொண்டிருந்தேன். இனிச் சொல்லப்போவது நான் சறுக்கிய இடம்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஐப்பசியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கடல் சீற்றமாக இருந்தது, படகுகள் போகவில்லை. அன்று இரவு ஊரிலுள்ள கைப்பேசிகளில் ஒரு காணொளி சுற்றியது. பத்து மாடிக் கட்டடத்துக்கு மேல் ஓர் அலை எழுந்து கடற்கரை நகரத்தின்மேல் விழுகிறது. ‘நாளை கடலூரில் சுனாமி, பகிருங்கள்’ என்று கூடவே ஒரு குரல். ஏதோ வெளிநாட்டுப் படத்தின் துண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். ஆனால் அது தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. எங்கள் ஊரில் பல வீடுகளில் அன்றைய தேதி போட்ட படம் சுவரில் மாட்டியிருக்கும். மறுநாள் என் ஒன்பதாம் வகுப்பில் 38 பேரில் 11 பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களை உள்ளூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து எல்லாரும் வந்ததும், ‘இது பொய் என்று அறிவியலால் நிரூபிக்கிறேன் பார்’ என்று இறங்கினேன். அந்தக் காணொளியை ஸ்மார்ட் போர்டில் பெரிதாகப் போட்டேன்.

என் திட்டம் இதுதான். பழைய படங்களில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பொம்மைக் கப்பலை விட்டுப் புயல் காட்டுவார்கள். அப்படியே எடுத்தால் தொட்டி என்பது காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் சிறிய அலை சீக்கிரம் விழுந்துவிடும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 நொடி. 16 மீட்டரிலிருந்து விழ 1.8 நொடி. உயரம் 16 மடங்கானால் நேரம் 4 மடங்குதான், வர்க்கமூலம். ஆகவே பதினாறில் ஒரு பங்கு அளவில் பொம்மை செய்தால், கேமராவை நான்கு மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 96 பிரேம் ஓட்டி எடுத்து, 24இல் காட்ட வேண்டும். அப்போது பொம்மை அலையும் மலைபோல மெதுவாக விழும். நாம் நடத்துகிற இயக்கச் சமன்பாடுதான் இது. சினிமாவில் அதை வைத்துச் சம்பளம் வாங்குகிறார்கள்.

முதலில் பந்தை 1 மீட்டரிலிருந்து போட்டுக் கைப்பேசியில் எடுத்தோம். சாதாரண வேகம் நொடிக்கு 30 பிரேம். 13, 14 பிரேமில் பந்து தரையைத் தொட்டது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. பிறகு காணொளி. கட்டடத்தை வைத்து அலையின் உயரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முகடு கீழே வர 2.5 நொடி, அதாவது 75 பிரேம் ஆக வேண்டும். 40இல் விழுந்துவிடும், பொய் வெளுத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு பையன் பிரேம் பிரேமாகத் தள்ளி எண்ணினான். 72.

வகுப்பு என்னைப் பார்த்தது. கணக்குப்படி அலை உண்மை!

பிறகு யோசித்தால் வெட்கமாக இருந்தது. இப்போதெல்லாம் தொட்டியும் இல்லை, பொம்மையும் இல்லை. நீர் எப்படிப் பாயும் என்று சொல்கிற நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்த்து அலையை உருவாக்குகிறது. புவியீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. நமக்குப் பக்கத்துக் கதைக்கே வருவோம். ‘தசாவதாரம்’ (2008) சிதம்பரத்தில் தொடங்கி 2004 சுனாமியில் முடிகிறது. அந்த அலையும் கணினியில் எழுந்ததுதான். எடுத்தவர்களுக்கும் இயற்பியல் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். இயற்பியலை மீறுகிறதா என்று மட்டும் பார்த்துப் பொய்யைப் பிடிக்கும் காலம் முடிந்துவிட்டது.

சறுக்கல் என்று சொன்னது இதையல்ல. காணொளியைப் போட்டவுடனே ஒரு மாணவி எழுந்து வெளியே போனாள். கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்து நான் பிரேம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய அத்தை 2004இல் போனவர். இவள் பிறப்பதற்கு முன்னால்தான், ஆனால் அந்தப் பெயரைத்தான் இவளுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுடைய ஆயா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். தலைமையாசிரியர் அறைக்குப் போகாமல் நேராக வகுப்பு வாசலுக்கு வந்து, “என்ன டீச்சரு, கடல பெருசா காட்டுறீங்களாமே. எனக்கும் காட்டுங்க, பாக்கறேன்” என்றார். வேண்டாம் ஆயா என்றேன். “காட்டு” என்றார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன்.

பார்த்து முடித்துவிட்டு அவர் சொன்னது இது: “இது அது இல்ல. அன்னிக்கு தண்ணி இப்படி எழும்பி நின்னு வேடிக்க காட்டல. கடலு அப்பிடியே பொங்கி உள்ள வந்துச்சு. கறுப்புத் தண்ணி. ஓடிக்கிட்டே திரும்பிப் பாத்தா தெருவுல படகு வருது. நின்னு படம் புடிக்க எவனுக்கு நேரம் இருந்துச்சு?”

அவர் சொன்னதுதான் அறிவியலும். ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 720 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சுமத்ராவில் நம் நேரப்படி காலை 6.28க்கு நிலம் நடுங்கியது, எங்கள் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரத்தில் எச்சரிக்க அன்று ஏற்பாடு இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அந்த வேலையைச் செய்கிறது. கரைக்கு அருகே ஆழம் குறையக் குறைய அலை வேகம் குறைந்து உயர்கிறது. பல இடங்களில் அது சினிமாவில் வருகிற மாதிரிச் சுருண்டு விழும் சுவராக வராமல், கடல் மட்டமே ஏறிவிட்டது போல வந்தது, வந்துகொண்டே இருந்தது. இதைப் படமாக எடுத்தால் முதல் சில நொடிகள் பயமாகவே தெரியாது. அதனால்தான் சினிமா சுவரை எழுப்புகிறது.

ஆயா போன பிறகு, 72 எண்ணிய அதே பையன் கேட்டான்: “டீச்சர், அப்ப இத எடுத்தவரு எங்க நின்னாரு?”

மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். அவள்தான் தட்டினாள். 12 நொடியில் மூன்று ஷாட். முதலாவது வானத்திலிருந்து. இரண்டாவது தெருவில், ஓடுகிறவர்களின் முகத்துக்கு நேரே. மூன்றாவது அலையின் அடியில், தண்ணீருக்கு முன்னால் கடலைப் பார்த்து. ஒரே அலையை மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று எடுத்து, மூன்றாமவர் செத்துப்போய், அவருடைய கேமரா மட்டும் தப்பி வந்து, மூன்றையும் ஒருவர் ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் இதைச் சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும்தான்.

எந்தப் படத்துக்கும் எடுத்தவர் நின்ற இடம் ஒன்று உண்டு. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தமபுத்திரன்’ 1940இல் வந்தது. கணினி இல்லாத அந்தக் காலத்தில் இரட்டை வேடத்துக்கு லென்ஸின் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு வேடம். இடையில் கேமரா ஒரு நூலிழை அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். எடுத்தவர் நின்ற இடத்தை விட்டு நகராததால்தான் அந்தப் பொய் நிற்கிறது. இன்றைய பச்சைத் திரையும் அந்த மறைப்பின் பேரப்பிள்ளைதான். மனிதத் தோலில் பச்சை குறைவு, கேமராவின் உணரியில் பச்சைக்கு இடம் அதிகம், ஆகவே பச்சையை மட்டும் சுத்தமாக வெட்டி எடுக்க முடிகிறது.

அந்தக் கேள்வி கிடைத்த பிறகு நானாக எதையும் நிரூபிப்பதை விட்டுவிட்டேன். “நீங்களே ஒரு படம் எடுங்கள்” என்றேன். மாதந்தோறும் பள்ளியில் சிறார் திரைப்படம் போடுகிறோம், பார்த்துவிட்டுக் கதை சொல்லச் சொல்கிறோம். எடுத்துப் பார்த்தால் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. ஆயா பேசுவதை எடுக்கலாம் என்று பேத்திதான் சொன்னாள். ஆயாவும் ஒத்துக்கொண்டார். “என் புள்ள பேர சொல்லணும், அதுமட்டும் வெட்டக் கூடாது” என்று ஒரு நிபந்தனை.

சில்வர் பீச்சுக்கு வடக்கே, படகுகள் கிடக்கிற இடத்தில் எடுத்தார்கள். முதல் நாள் எடுத்தது அத்தனையும் வீண். படம் நன்றாக இருக்கிறது, ஒலியில் காற்று ‘தொப் தொப்’ என்று அடிக்கிறது. நம் காது அந்தக் காற்றை ஒதுக்கிவிட்டுப் பேச்சைக் கேட்கும், மைக்குக்கு ஒதுக்கத் தெரியாது. கைப்பேசி மைக்கின்மேல் ஒரு பையன் தன் அப்பாவின் துண்டை மடித்துச் சுற்றினான். காற்று நின்றது, குரல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கின்மேல் மாட்டுகிற பஞ்சு செய்கிற வேலையைத் துண்டு செய்தது.

இன்னொரு சோதனை தற்செயலாக நடந்தது. 100 மீட்டர் தள்ளி ஒருவர் படகில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அதையும் எடுத்து வந்திருந்தார்கள். சுத்தியல் படுகிறது, சத்தம் பிறகு வருகிறது. எண்ணினால் 9 பிரேம். 9ஐ 30ஆல் வகுத்தால் 0.3 நொடி. ஒலியின் வேகம் நொடிக்கு 330 மீட்டருக்கு மேல் என்று கடற்கரையிலேயே கிடைத்துவிட்டது. சினிமாவில் கிளாப் போர்டு ஏன் தட்டுகிறார்கள் என்பதும் அப்போது புரிந்தது. தனியாகப் பதிந்த ஒலியையும் படத்தையும் எந்தப் பிரேமில் சேர்ப்பது என்று அந்த ஒரு தட்டுதான் சொல்லும்.

பெரிய தகராறு படத்தொகுப்பில் வந்தது. மகளின் பெயரைச் சொன்ன பிறகு ஆயா பேசவில்லை. 11 நொடி. கடல் சத்தம் மட்டும். “போர் அடிக்கும், வெட்டிடலாம்” என்றான் தொகுத்த பையன். கைப்பேசியில் வெட்டுவது விரலால் ஒரு தட்டு. 330 பிரேம் போய்விடும், போனதே யாருக்கும் தெரியாது. பேத்தி வெட்டக் கூடாது என்றாள். வெட்டிய படம், வெட்டாத படம், இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். வெட்டிய படத்தில் ஆயா மகளின் பெயரைச் சொல்லிவிட்டு உடனே கட்டுமரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார், எதுவும் நடக்காதது போல. அந்தப் பையனே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது பொய்யா இருக்கு” என்றான். அவர் சொன்ன சொல் ஒன்றுகூட மாறவில்லை, ஆனாலும்.

அந்த 11 நொடியை விட்டுவிட்டார்கள். கைப்பேசியைப் பிடித்திருந்தவள் பேத்தி. அந்த இடத்தில் படம் லேசாக ஆடும். அதையும் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

படம் மொத்தம் 4 நிமிடம். அலை எதுவும் இல்லை. பென்டிரைவில் கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் குடும்பம் உங்களுக்குக் காட்டச் சம்மதம் சொல்லியிருக்கிறது, பகிர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஆகவே யாரும் கைப்பேசியில் எடுக்க வேண்டாம். அந்த இரண்டு ஜன்னலையும் சாத்திவிடுங்கள். விளக்கை அணைத்துவிடலாம். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.